அம்மா அழுத வீடியோ

கருத்தக்கண்ணன் இறந்த பிறகும் அவருடைய செல்போனுக்கு அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன.

"அண்ணே, நாளைக்கு ஜீப்புல எடம் இருக்கா? புதுசா ஒரு ஆளக் கூட்டியாரேன்" என்று ஏதாவது ஒரு பெண்குரல் கேட்கும். கூடலூரிலிருந்து மலையேறி, குமுளிக்கு அப்பால் ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிப்போகும் ஜீப் அவருடையது. காய் எடுக்கப் போகும் பெண்கள் பலரிடமும் அந்த எண் இருந்தது.

போனை எடுப்பது அவருடைய மகள் அனுசுயா. பதினொன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரே பிள்ளை. "அப்பா இல்ல" என்பாள். "எப்ப வருவாக?" என்று கேட்டால்தான், "அப்பா தவறிட்டாக. ஜீப்பு கவுந்துருச்சு" என்று சொல்வாள். அந்தப் பக்கம் உடனே "ஐயோ ஆத்தா…" என்று ஒரு குரல் உடையும். முகம் தெரியாத அந்தப் பெண் பதறுவதைக் கேட்கையில் அனுவுக்கு நெஞ்சு லேசாகும். வீட்டில் அப்படிப் பதற யாரும் இல்லை.

லோயர்கேம்ப்பைத் தாண்டி மலைப்பாதையில் ஒரு வளைவில் ஜீப் உருண்டது. உள்ளே இருந்த பெண்கள் எலும்பு முறிவோடும் காயங்களோடும் பிழைத்தார்கள். ஓட்டியவர் பிழைக்கவில்லை. வழக்கமாக அந்த ஜீப்பில் முன்சீட்டில் போகும் மனைவி மாரீஸ்வரி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஏதோ சாமி காப்பாற்றியது என்றார்கள்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் மாரீஸ்வரி வேறொரு ஜீப்பில் வேலைக்குப் போகத் தொடங்கினாள். விடியும் முன் கிளம்பினால், விளக்கு வைத்த பிறகுதான் வருவாள். விரல்களில் ஏலக்காய்க் கறை கறுப்பாகப் படிந்திருக்கும். சோறு பொங்கி இறக்குவாள், சாப்பிடுவாள், படுத்துவிடுவாள். புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அனு பேச்செடுத்தால், "படிக்கிற வேலையப் பாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கருத்தக்கண்ணன் அப்படி இல்லை. ஜீப்பை விட்டு இறங்கும்போதே, "எங்க ஆத்தா எங்கன இருக்கா?" என்று கேட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவார். அனு எதைச் செய்து காட்டினாலும், "அடேயப்பா! எம்புள்ள மாதிரி வருமா?" என்பார். கோலம் போட்டாலும், கணக்கில் மார்க் வாங்கினாலும், அவருடைய செல்போனை வாங்கித் திராட்சைப் பந்தலுக்கடியில் பாட்டுக்கு ஆடி வீடியோ எடுத்தாலும் அதேதான். அந்த வீடியோக்களை ரீல்ஸில் போட்டபோது அவரையும் இரண்டு மூன்று தோழிகளையும் தவிர யாரும் பார்க்கவில்லை. வகுப்பில் ஒருத்தி, "கரிச்சட்டிக்கு எதுக்குடி ஆட்டம்?" என்று சிரித்தாள். அனு அப்பாவைப் போலவே நல்ல கறுப்பு.

அப்பா போய் ஒன்றிரண்டு மாதம் ஆன ஒரு மாலையில், போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஜீப்பில் சாய்ந்தபடி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் அப்பா. அதன் மேல், "எப்ப வருவீங்கப்பா?" என்று எழுதி, ஒரு சோகப் பாட்டைச் சேர்த்துப் போட்டாள். அழுதுகொண்டேதான் போட்டாள்.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் இதயக் குறிகளும் ஆறுதல் வார்த்தைகளுமாகக் குவிந்திருந்தன. அழாத தங்கச்சி. நான் உனக்கு அண்ணன் இருக்கேன். எங்க அப்பாவும் இப்படித்தான் போனாரு பாப்பா. நெல்லையிலிருந்து, மலேசியாவிலிருந்து, எங்கெங்கோ இருந்து. பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒவ்வொன்றும் யாரோ வந்து கையைப் பிடித்துவிட்டுப் போவதுபோல இருந்தது.

வகுப்பில் பக்கத்தில் உட்காரும் ஜெபஷீலா கட்டிக்கொண்டாள். "ஏ அனு, எங்க சித்தி பாத்துட்டு அழுதுருச்சுடி." அதுவரை பேர்கூடத் தெரியாத பன்னிரண்டாம் வகுப்பு அக்காமார்கள் வராண்டாவில் நிறுத்தி, "நீதான அந்த ஜீப்பு அண்ணன் பொண்ணு?" என்று கேட்டுத் தோளைத் தட்டினார்கள். கரிச்சட்டி என்றவளும் வந்து சாக்லேட் கொடுத்தாள்.

பிறகு அனு நிறையப் போட்டாள். கொடியில் தொங்கும் அப்பாவின் காக்கிச் சட்டை. அவர் சாப்பிடும் தட்டு. அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை வைத்து, ஓர் இலையில் பரிமாறி, எதிரே யாருமில்லாமல் காட்டினாள். ஒரு சனிக்கிழமை குமுளி பஸ்ஸில் ஏறி, ஜீப் உருண்ட வளைவும் தன் முகமும் சேர்ந்து தெரியும்படி ஜன்னலோரம் படம்பிடித்தாள். புதிதாகக் கட்டிய தடுப்புச் சுவரைப் பார்த்ததும் விம்மி விம்மி அழுதாள். குமுளியில் இறங்கிப் போட்டுப் பார்த்தால் படம் முழுக்க ஆட்டம். முகம் தெரியவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அதே வளைவில் மறுபடி எடுத்தாள். போனை ஜன்னல் கம்பியோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இந்த முறையும் கண்ணீர் வந்தது. சரியான இடத்தில் வந்தது. எப்படி வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. ஆனால் அந்த வீடியோவைத்தான் எல்லாவற்றையும் விட அதிகம் பேர் பார்த்தார்கள். பயத்தை மறந்துவிட்டாள்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தபோது எல்லாம் குறையத் தொடங்கியது. போட்ட வீடியோவைக் கொஞ்சம் பேர்தான் பார்த்தார்கள். யாரோ ஒருவன், "இன்னும் எத்தனை நாளைக்கு இதையே போட்டு ஓட்டுவ?" என்று எழுதினான். அதற்குக் கீழே சிரிக்கும் பொம்மைகள்.

"ஜனங்களுக்குப் புதுசா ஏதாச்சும் வேணும்டி" என்றாள் ஜெபஷீலா. அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "நீ மறுபடி டான்ஸ் போடேன்."

அனுவுக்கு அது டான்ஸ் விஷயம் இல்லை. எண்ணிக்கை குறையக் குறைய, அப்பாவை எல்லாரும் மறந்துகொண்டிருப்பதாகவே அவளுக்குப் பட்டது. அழைப்புகளும் நின்றுவிட்டன. ஜீப்பில் இடம் கேட்டு இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. போனைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள், உடனே மறுபடி திறப்பாள்.

அந்த வாரம் கணக்குப்பதிவியல் தேர்வில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கியிருந்தாள். அம்மா வேலையிலிருந்து வந்ததும் விடைத்தாளை நீட்டினாள்.

"அம்மா, நான்தான் ஃபர்ஸ்ட்டு."

மாரீஸ்வரி கையில் வாங்காமலே பார்த்தாள். "ம்" என்றாள். "அரிசி களைஞ்சு வச்சியா?"

அனு விடைத்தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அப்பா இருந்திருந்தால் அதை ஜீப் கண்ணாடியில் ஒட்டியிருப்பார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அனு கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, வீட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. பின்பக்கம் சுற்றிப் போய் ஜன்னலில் பார்த்தாள். அம்மா பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அப்பாவின் சட்டை. அப்பா செத்த அன்றைக்குக்கூட இப்படி அழாத அம்மா, சட்டையில் முகத்தைப் புதைத்துப் புதைத்து எடுத்து அதனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க… கோவத்துலதானங்க சொன்னேன். ஆண்டிபட்டிக்கு, எங்க அண்ணன் வீட்டு விசேசத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு, விடிஞ்சதும் வண்டிய எடுத்துட்டுக் கெளம்பவும் ஆத்திரம் வந்துருச்சு. அந்த ஜீப்பையே கட்டிக்கிட்டுப் போங்க, திரும்பி வராதீகன்னு சொல்லிப்புட்டேன். அதையா நெசம்னு எடுத்துக்கிட்டீக? நான் சொன்ன எதத்தான் இதுக்கு முன்னாடி கேட்டிருக்கீக? இத மட்டும் கேக்கணுமா?"

உள்ளே ஓடிப் போய் அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் அனுவுக்கு முதலில் தோன்றியது. ஆனால் அவள் கை அதற்கு முன்பே போனை எடுத்து ஜன்னல் கம்பிகளுக்கிடையில் நீட்டியிருந்தது. எடுத்து முடிக்கும் வரை அவளும் சத்தமில்லாமல் அழுதாள். உள்ளே போகவில்லை. மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, எடுத்ததை மறுபடி பார்த்தாள். அம்மா எவ்வளவு பாவம் என்று நினைத்தாள். தனக்குச் சொன்னதுபோல அம்மாவுக்கும் ஊரே ஆறுதல் சொல்லும். எல்லாவற்றையும் ஒருநாள் அம்மாவுக்குப் படித்துக் காட்டலாம். அப்போது அம்மா தன்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

விரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு போட்டுவிட்டாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் அவள் நினைத்ததைவிட அதிகம் பேர் பார்த்துவிட்டார்கள். முதலில் எல்லாரும் அழுதார்கள். எங்க அம்மா மாதிரியே இருக்காங்க. பாவம் அந்தத் தாய். அனு சோறு இறங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் வகுப்பில் போனுக்கு அனுமதி இல்லை. மாலையில் பஸ்ஸில் ஏறிப் போனைத் திறந்தபோது காற்று வேறு பக்கம் திரும்பியிருந்தது.

திரும்பி வராதேன்னு சொன்னவளே இப்ப அழுகுறா. வாயாலயே கொன்னுட்டா. இந்த மாதிரி பொம்பளைங்களாலதான் ஆம்பளைங்க சீக்கிரம் சாகுறாங்க. யாரோ ஒருவன் அந்த வீடியோவை எடுத்து, "புருஷனைச் சாகச் சொன்ன பொண்டாட்டி" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வைத்துத் தன் பக்கத்தில் போட்டிருந்தான். அனுவின் வீடியோவைவிட அதை அதிகம் பேர் பார்த்திருந்தார்கள். அம்மாவின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தான்.

அனு தன்னுடையதை அழித்தாள். பஸ் குலுங்கியதில் போன் கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தால், சிவப்பு வட்டம் போட்ட வீடியோ அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. வெளிச்சம் போவதற்குள் அம்மா வந்து யாரும் பார்த்ததில்லை. மாரீஸ்வரி வேலைச் சேலையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கு மத்தியானம் தோட்டத்தில் சோற்றுக்கு உட்கார்ந்தபோது, ஒரு சின்னப்பெண் போனில் அதைப் போட்டுவிட்டாள். கை கையாகப் போய்ச் சங்கிலியம்மாளிடம் வந்தது. கருத்தக்கண்ணனின் ஜீப்பில் அன்றைக்கு இருந்தவள் அவள். தொடையில் கம்பி வைத்து, இன்னும் காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பவள். மாரீஸ்வரியோடு ஒரே தூக்குவாளியில் குழம்பு பகிர்ந்து சாப்பிடுபவள். பார்த்துவிட்டு, வாளியை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அந்த ஜீப்புல நானும்தான இருந்தேன் மாரி? எங்க அத்தன பேரையும் சேத்துத்தான் திரும்பி வராதன்னு சொன்னியா?"

மாரீஸ்வரி பாதி வேலையில் எழுந்து, குமுளி வரை நடந்து, பஸ் ஏறி வந்திருந்தாள். இதையெல்லாம் அனு பிறகுதான் அறிந்தாள். அப்போது அம்மா கேட்டது வேறு.

"எடுத்தது நீயா?"

"ஆமாம்மா."

"நான் பேசுனது ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கேட்டுட்டுத்தான் போட்டியா?"

அனு தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லாரும் ஒனக்கு ஆறுதல் சொல்லுவாகன்னு நெனச்சேன்."

"நான் யாருகிட்ட ஆறுதல் கேட்டேன்?"

"நீ ஏங்கிட்டப் பேசவே மாட்டேங்குறியேம்மா!" அனு வெடித்தாள். "அப்பா போனதுலருந்து என்னைய நீ ஒரு நாளாச்சும் பாத்தியா? மார்க்கு வாங்குனா ம்ங்குற. அழுதா படிங்குற. போன்ல இருக்கவக பேசுறாக. சாப்டியான்னு கேக்குறாக. நல்ல புள்ளைன்னு சொல்றாக."

மாரீஸ்வரி மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டவில்லை. அடிக்கவில்லை. அடித்திருந்தால் அனு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள்.

"ஒன் மூஞ்சியப் பாத்தா எனக்கு அவுகளப் பாத்த மாதிரி இருக்கும் ஆத்தா" என்றாள் மாரீஸ்வரி கடைசியில், மெதுவாக. "அதான் பாக்கல. நான் சொன்ன வார்த்தை ஒனக்குத் தெரிஞ்சுருமோன்னு பயந்து பயந்துதான் பேசல."

எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர்கள் பேசவே இல்லை.

முதலாம் ஆண்டுத் திவசம் நெருங்கியது. அனுமந்தன்பட்டியிலிருந்து அனுவின் பெரியப்பா பால்பாண்டி வந்தார். நாற்காலியில் உட்காராமல் வாசற்படியிலேயே நின்றார். மாரீஸ்வரியைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துப் பேசினார்.

"தெவசத்த நாங்க ஊர்ல வச்சுப் பாத்துக்கிறோம். புள்ளைய மட்டும் அனுப்புங்க. தங்கச்சிமாரெல்லாம் கொதிச்சுப் போய் இருக்காக. நீங்க வந்தா வீணா பேச்சு வளரும்."

"அம்மா வராம நான் வரமாட்டேன் பெரியப்பா" என்றாள் அனு.

"போ" என்றாள் மாரீஸ்வரி. "நீயாச்சும் போயி அவுகளுக்குச் சோறு வையி."

அனு போனாள். பெரியப்பா வீட்டில் அப்பாவின் படத்துக்கு மாலை போட்டு, இலை போட்டுப் படைத்தார்கள். அத்தைமார்கள் அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். "தாயா அவ? எங்கண்ணன முழுங்குனவ!" என்று மூத்த அத்தை சொன்னபோது, அனு வாயைத் திறந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அத்தனை கண்களிலும் அவள் மேல் இரக்கம் நிறைந்திருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

சாப்பிட்டு முடிந்ததும், அத்தை மகள் திரிஷா அவளைக் கொல்லைப்புறம் கூட்டிப்போனாள். எட்டாம் வகுப்பு படிப்பவள். கண்கள் மினுங்கின.

"அக்கா, அந்த வீடியோ நீங்க எடுத்ததுதான? எங்க கிளாஸ்ல எல்லாருமே பாத்துட்டாக. எங்கக்காதான்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாளுக. ஒரு செல்ஃபி எடுத்துக்கவா?"

ஒரு நொடி, அந்தச் சின்னப்பெண்ணின் முகத்தில் இருந்த வியப்பைப் பார்த்து அனுவுக்குள் ஏதோ இனித்தது. கொஞ்சம்தான். அவள் உதடு தானாகவே சிரிப்புக்குத் தயாரானது. திரிஷா போனை உயர்த்தினாள். போன் திரையில் தன் முகத்தைப் பார்த்ததும் அனு அவளை விலக்கிவிட்டு ஓடினாள். தென்னை மரத்தடியில் வாந்தி எடுத்தாள். படைத்த சோறு அப்படியே வெளியே வந்தது.

கூடலூரில் மாரீஸ்வரிக்கு ஜீப் கிடைக்காமல் போனது. யாரும் வரக்கூடாது என்று சொல்லவில்லை. அவள் ஏறினால் மற்றப் பெண்கள் இறங்கி அடுத்த ஜீப்புக்குப் போனார்கள். "எனக்கு வண்டி நெறையணும்லக்கா" என்று டிரைவர்கள் தலையைச் சொறிந்தார்கள். அவள் மலைக்கு அப்பால், வெகு உள்ளே இருக்கும் ஒரு தோட்டத்தில் தங்கி வேலை பார்க்கப் போய்விட்டாள். அனுவைப் பெரியப்பா வீட்டில் விட்டாள். போகும்போது துணிப்பையைத் தூக்கிக்கொண்டு, "நல்லாப் படி" என்று மட்டும் சொன்னாள்.

அனு வீடியோ போடுவதை நிறுத்திவிட்டாள். ஆனால் சிவப்பு வட்டம் போட்ட அந்த வீடியோவைத் தினமும் திறந்து பார்த்தாள். இப்போது அது எத்தனையோ பக்கங்களில், எத்தனையோ பாட்டுகளோடு ஓடியது. வேறு பேரில் ஒரு கணக்கைத் தொடங்கி, ஒவ்வொன்றிலும் போய் எழுதினாள். அவங்க நல்லவங்க. கோவத்துல சொன்னது. அவருக்காகத்தான் இன்னமும் அழுறாங்க. யாரும் பதில் சொல்லவில்லை. ஒரு இதயம்கூட விழவில்லை. ஒருவன் மட்டும், "நீ அவ சொந்தக்காரியா?" என்று கேட்டுச் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்திலிருந்து பெரியப்பாவின் போனுக்கு அம்மா பேசுவாள்.

"சாப்டியா?"

"சாப்டேன். நீ?"

"ம்."

"அழுறியாம்மா?"

"இல்ல."

"நெசமா?"

"இங்கன சிக்னல் இல்ல. வைக்கிறேன்."

பொங்கலுக்கு மாரீஸ்வரி அனுமந்தன்பட்டி வந்தாள். பெரியம்மா முருகம்மாளுக்கு மட்டும் அவள் மேல் பழைய பிரியம் மிச்சம் இருந்தது. அடுப்பங்கரையில் இருவரும் காய் நறுக்கிக்கொண்டு பேசுவதை அனு மறு அறையிலிருந்து கேட்டாள். தோட்டத்து மலையாளச் சூப்பர்வைசரைப் பற்றி அம்மா ஏதோ சொல்ல, பெரியம்மா சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். அனு அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. யாரோ கையைப் பிடித்து இழுத்ததுபோல எழுந்து அடுப்பங்கரை வாசலுக்குப் போனாள்.

மாரீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது. முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டாள். பிறகு, யாரோ வெளியாள் முன்னால் உட்கார்வதுபோல நேராக உட்கார்ந்தாள்.

அனுவின் கையில் எதுவும் இல்லை. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"போன் உள்ள இருக்கும்மா. நான் கொண்டு வரல."

"சரி" என்றாள் மாரீஸ்வரி, கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டே. "வேணும்னா நீயும் உக்காரு."

அனு உட்கார்ந்தாள். பெரியம்மா என்னென்னவோ பேசிப் பார்த்தாள். மாரீஸ்வரி கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். காய் நறுக்கி முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு, சாயங்காலப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா என்று கேட்டாள்.